மழைக்காலச் சளியும் குழந்தையின் மூச்சும்: தோட்டப்புறப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஆனால் குளிர் நாடுகளில் நவம்பர் தொடங்கிக் குழந்தைகளின் நெஞ்சைப் பிடிக்கும் அதே கிருமிகள் இங்கே ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டிருந்து, ஆண்டின் பிற்பகுதியில் அடைமழை பிடித்துச் சன்னல்கள் சாத்தப்பட்டு, தீபாவளிக்கு வந்த உறவினர்களெல்லாம் ஒரே கூடத்தில் படுத்துறங்கும் நாட்களில் பெருகிவிடுகின்றன. அரசுக் கிளினிக்குகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தோட்டத்து மக்களுக்கு நான் இன்றும் ‘மிஸி’தான். முதல் குழந்தையைப் பெற்றவர்களுக்கும், வேலைக்காக இந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்து எந்த மருத்துவமனை எங்கே இருக்கிறது என்றே பழகாதவர்களுக்கும், அடுத்தவர் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அக்காமார்களுக்கும் இதை எழுதுகிறேன்.

இருமல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது, நெற்றி எவ்வளவு சுடுகிறது என்ற இரண்டை வைத்தே நம் வீடுகளில் நோயை அளக்கிறார்கள். பலமாக இருமிக்கொண்டே ஓடி விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதறி வருவார்கள். காய்ச்சலே இல்லாமல், சத்தமும் இல்லாமல், மூச்சுக்குத் திணறும் கைக்குழந்தையைச் ‘சளிதான்’ என்று தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது இருமலையோ காய்ச்சலையோ அல்ல. ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தை எவ்வளவு பாடுபடுகிறது என்பதைத்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தப் பாட்டைக் கண்ணால் கண்டுகொள்வதற்கான வழிகளே.

முதல் படி: சட்டையைக் கழற்றுங்கள்

மழைக் குளிருக்குப் பயந்து, சட்டைக்கு மேல் சட்டை போட்டு, துண்டு சுற்றி, தொப்பியும் மாட்டிய குழந்தையின் நெஞ்சு எவர் கண்ணுக்கும் தெரியாது. ஒரு நிமிடம் போதும். கழுத்திலிருந்து தொப்புள் வரை திறந்துவிட்டு, அம்மாவின் மடியில் அமைதியாக இருக்கும்போது பாருங்கள். அழும்போது பார்த்தால் எல்லாக் குழந்தைகளும் திணறுவது போலவே தோன்றும். மஞ்சள் விளக்கை நம்பாமல் கைப்பேசியின் வெள்ளை விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் நெஞ்சின் பள்ளங்கள் நன்றாகத் தெரியும்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து மேலெழுவது இயல்பு. அதற்கு மாறாக, மூச்சை இழுக்கும் அதே நேரத்தில் விலா எலும்புகளின் கீழ் விளிம்பு உள்ளே குழிந்தால், நுரையீரலுக்குள் காற்று எளிதாகப் போகவில்லை என்று பொருள். இதைத்தான் பழைய ஆட்கள் ‘அள்ளை இழுக்கிறது’ என்று சொல்வார்கள். படிக்காத பாட்டிமார்கள் வைத்த அந்தப் பெயரை விடத் துல்லியமான விவரிப்பை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை. பிறந்த சில மாதங்களுக்கு விலா எலும்புகள் மெத்தென்று இருப்பதால், சற்றே குழிவது மட்டும் பெரிதல்ல. ஆழமாக, ஒவ்வொரு மூச்சுக்கும் விடாமல் குழிவதே ஆபத்து. விலா எலும்புகளின் இடைவெளிகளும், கழுத்துக்குக் கீழே தொண்டைக் குழியும் அதேபோல் உள்வாங்குகின்றனவா என்று பாருங்கள். மூக்கின் இரு பக்கங்களும் விரிந்து விரிந்து சுருங்குவதும், மூச்சுக்கு மூச்சு தலை முன்னும் பின்னுமாக ஆடுவதும், மூச்சை விடும்போது ‘ம்... ம்...’ என்று முனகுவதும் குழந்தை களைத்துப்போகும் நிலையை நெருங்கிவிட்டதைக் காட்டும் அறிகுறிகள். முனகலைக் கேட்டுவிட்டு, ‘கனவு காண்கிறான்’ என்று சொல்லிக் காலைவரை காத்திருந்த ஒரு வீட்டை நான் அறிவேன். அந்தப் பையன் ஒரு வாரம் பிராணவாயுக் குழாயுடன் கிடந்து பிழைத்து வந்தான்.

குழந்தைக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் முற்றிவிடுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் உறிஞ்சு குழலைக் காட்டுவது வழக்கம். பெரியவரின் மூச்சுக்குழாய் அகலமானது. உள்சுவர் கொஞ்சம் வீங்கினாலும் காற்றுக்கு இடமிருக்கும். கைக்குழந்தையினுடையது ஏற்கெனவே மெல்லிய குழல். அதே அளவு வீக்கமும் கொஞ்சம் சளியும் சேர்ந்தால் பாதி வழி அடைபட்டுவிடும். போதாக்குறைக்குச் சின்னக் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும் என்பதால், வெறும் மூக்கடைப்பே பால் குடிப்பதைக் கெடுத்துவிடும்.

இரண்டாம் படி: முழுதாக 1 நிமிடம் எண்ணுங்கள்

ஒருவர் கைப்பேசியில் நேரத்தைப் பார்க்க, மற்றவர் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். ஒருமுறை ஏறி இறங்கினால் அது ஒன்று. 15 விநாடிகள் எண்ணி நான்கால் பெருக்குவது பெரியவர்களுக்குச் சரி. குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது என்பதால் 60 விநாடிகளும் எண்ணியாக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகள் இவை: 2 மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது நிரம்பும் வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. கைக்குழந்தைக்கு 60ஐத் தாண்டினால், சற்று ஆறவிட்டு இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். காய்ச்சல் மூச்சைக் கூட்டும் என்பதால், காய்ச்சல் தணிந்த பிறகும் எண்ணிக்கை இறங்காமல் நின்றால் அதற்கு மதிப்பு அதிகம்.

நலமாக இருக்கும் நாளில், குழந்தை தூங்கும்போது ஒருமுறை எண்ணி, அதைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் எழுதி வையுங்கள். நோய் வந்த அன்று ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் பிள்ளையின் சொந்த அளவு கையில் இருக்கும்.

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை வேகமாக மூச்சு விட்டு, பிறகு ஐந்து பத்து விநாடிகள் நிறுத்தி, மீண்டும் தொடங்குவது சாதாரணம். நிறுத்தம் அதைவிட நீண்டால், அல்லது நிறுத்தத்தோடு நிறம் மாறினாலோ உடல் தளர்ந்து துவண்டாலோ, எண்ணிக்கொண்டிருக்காமல் 999ஐ அழைக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவர்களிடமும், ஒன்றிரண்டு மாதக் குழந்தைகளிடமும், சளிக் கிருமியின் முதல் அடையாளமே இப்படி மூச்சு நிற்பதாக இருப்பதுண்டு.

மூன்றாம் படி: பாலையும் பெம்பர்ஸையும் கணக்கிடுங்கள்

மூச்சுக்குத் திணறும் குழந்தையால் உறிஞ்ச முடியாது; இரண்டு வாய் குடித்துவிட்டு விலகி, மூச்சு வாங்கி, மறுபடி முயன்று, களைத்து உறங்கிவிடும். வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காவிட்டால், அல்லது 12 மணி நேரமாகப் பெம்பர்ஸ் நனையவே இல்லையென்றால், அன்றே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். எதையுமே குடிக்க முடியாமற் போவதும், குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பதும், வலிப்பு வருவதும், எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடப்பதும் உடனடியாக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய அறிகுறிகள். ‘பிள்ளை ரொம்ப அமைதியாயிட்டான் மிஸி’ என்று நிம்மதியோடு சொல்லும் பெற்றோரைக் கண்டால்தான் எனக்கு வயிறு கலங்கும்.

நான்காம் படி: சத்தத்தைப் பிரித்தறியுங்கள்

மூக்கில் குறுகுறுவென்று கேட்பதும், முதுகில் கை வைத்தால் உள்ளங்கையில் அதிர்வதும் பெரும்பாலும் மேல்சளியின் வேலை. கேட்கப் பயமாக இருந்தாலும் அது அவ்வளவு கெட்டதல்ல. மூச்சை விடும்போது மெல்லிய விசில் போல் கேட்பதே இளைப்பு. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு, அதிலும் ஆறு மாதத்துக்குட்பட்டவர்களுக்கு, நுரையீரலின் மிகச் சிறிய குழாய்கள் வீங்குவதால் இது வரும். பெரும்பாலும் ஆர்எஸ்வி என்ற கிருமியே காரணம். முதலில் மூக்கொழுகலாகத் தொடங்கி, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் தணியும். இரண்டாம் நாள் கிளினிக்கில் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பப்பட்ட குழந்தை நான்காம் நாள் திணறுவது, முதலில் பார்த்தவரின் தவறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நோயின் போக்கே அப்படி. ஆகவே மருத்துவரிடம் போகும்போது மூக்கொழுகத் தொடங்கியது என்றைக்கு என்று நாள் கணக்கோடு சொல்லுங்கள்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று கேட்டு, இருமல் நாய் குரைப்பது போல் ஒலித்தால், அது குரல்வளை வீக்கம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ளவர்களுக்கு, அதுவும் நடு இரவில் வரும். அமைதியாக இருக்கும்போதும் அந்த இழுப்புச் சத்தம் கேட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். வாயைத் திறந்து கரண்டியால் தொண்டையைப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். அழவைத்தால் அடைப்பு கூடும்.

நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று புரையேறி, அதன் பிறகு ஒரே பக்கமாக இளைப்போ விடாத இருமலோ வந்தால், உள்ளே ஏதோ போயிருக்கிறது என்று நினையுங்கள். ஈப்போ புந்தோங்கின் கச்சான் பூத்தே என்ற வறுகடலைப் பண்டம் நம் பெருமைதான். ஆனால் ஐந்து வயது ஆகாத பிள்ளையின் கையில் முழுக் கடலையைக் கொடுப்பதை நான் பார்த்தால் பிடுங்கிவிடுவேன். தீபாவளித் தட்டில் முறுக்குக்குப் பக்கத்தில் அது இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றையும் விட ஏமாற்றும் சத்தம், சத்தமே இல்லாததுதான். இரவெல்லாம் இளைத்த குழந்தை விடியற்காலை அமைதியானால், குணமாகியிருக்கலாம். காற்றைத் தள்ளவே வலுவில்லாமல் போயிருக்கவும் கூடும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது முதல் படிதான்: சட்டையை விலக்கி அள்ளையைப் பாருங்கள், கூப்பிட்டு எழுப்பிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: நிறத்தை நம் தோலுக்கு ஏற்றபடி பாருங்கள்

‘முகம் நீலமாகிவிடும்’ என்று காணொளிகளில் சொல்வது பெரும்பாலும் வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து. மாநிறமும் கருமையும் உள்ள நம் பிள்ளைகளின் முகத்தில் அது தெரியாது. சாம்பல் பூத்தாற்போல் ஒரு மங்கல் மட்டும் தெரியும். நாக்கு, ஈறு, உதட்டின் உட்புறம் ஆகிய மூன்றையும் வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள். அவை நீலமாகவோ சாம்பலாகவோ இருந்தால் ஒரு நொடியும் தாமதிக்க வேண்டாம். குளிரில் உள்ளங்கையும் பாதமும் மட்டும் நீலம் பாரிப்பது புதிதாய்ப் பிறந்த குழந்தைக்குப் பெரிய கவலை அல்ல.

கோவிட் காலத்தில் வாங்கிய விரல் கருவி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பெரியவர் விரலுக்கான அந்தக் கவ்வி கைக்குழந்தையின் விரலில் சரியாகப் பொருந்தாது. கருமையான தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. குறைவாகக் காட்டினால் ஓடுங்கள். 97 என்று காட்டிவிட்டதே என்று, அள்ளை இழுக்கும் குழந்தையை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

யாருக்குக் காத்திருக்கவே கூடாது

மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், வேறெந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் அன்றே, அப்போதே போக வேண்டும். 37 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், பிறவியிலேயே இதயக் கோளாறோ நுரையீரல் கோளாறோ உள்ளவர்கள், டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள், எடை மிகக் குறைந்தவர்கள் ஆகியோருக்கு மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று இலேசாகத் தெரிந்தாலும் போதும்.

ஆறாம் படி: எங்கே, எப்படிப் போவது

தோட்டத்து மருத்துவமனையும் அதன் டிரசர் என்ற மருத்துவ உதவியாளரும் இருந்த காலம் போய்விட்டது. பகலில் அருகிலுள்ள அரசுச் சுகாதாரக் கிளினிக். அது மூடிய பிறகு சுங்கை சிப்புட் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. குழந்தைநல நிபுணர் தேவையென்றால் அங்கிருந்து ஈப்போ இராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். குடிமக்களுக்கு அரசுக் கிளினிக்கிலும் அவசரப் பிரிவிலும் 1 வெள்ளிதான் கட்டணம் என்பதால், ‘சம்பளம் வரட்டும்’ என்று தள்ளிப்போட ஒன்றுமில்லை. மற்ற நாட்டவருக்குக் கட்டணம் அதிகம். இருந்தாலும் குழந்தையின் மூச்சு அதற்காகக் காத்திருக்காது.

உள்தோட்டத்தில் குடியிருப்பவர்கள் போகும் முடிவை மாலையிலேயே எடுத்துவிட வேண்டும் என்பது என் அனுபவம். மழையில் செம்மண் பாதை சேறாகிவிடும். இரவு இரண்டு மணிக்குக் கார் வைத்திருப்பவரை எழுப்புவதும் எளிதல்ல. மாலை ஆறு மணிக்கே மூச்சு எல்லையைத் தொட்டு, பாலும் பாதியாகிவிட்டால், ‘விடியட்டும்’ என்று சொல்ல வேண்டாம்.

நாக்கு நீலம், மூச்சு நிற்பது, எழுப்ப முடியாத மயக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் 999. செம்பனைக்கு நடுவே இருக்கும் வீட்டுக்கு வீதிப் பெயரும் எண்ணும் இருக்காது. ஆகவே தோட்டத்தின் பெயர், டிவிஷன், பெரிய சாலையிலிருந்து எந்த முனையில் திரும்புவது, பக்கத்திலுள்ள கோயில் அல்லது தமிழ்ப்பள்ளி ஆகியவற்றை மலாயில் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் பெரியவர்களுக்கே சொந்த விலாசம் மறந்துபோகும். அழைத்த உடன் ஒருவரை டார்ச் விளக்கோடு சாலை முனைக்கு அனுப்பி நிறுத்துங்கள்.

சொந்த வண்டியில் போவதானால், குழந்தையின் தலை முன்னே மடங்காமல் நிமிர்ந்திருக்கட்டும். மல்லாக்கப் படுக்கவைத்தால் திணறல் கூடக்கூடும். மோட்டாரில் இருவருக்கு நடுவே கம்பளியால் மூடி, மழைச்சட்டைக்குள் வைத்துக்கொண்டு போகும் வழக்கத்தை விடுங்கள்; உள்ளே குழந்தை என்ன ஆகிறது என்று ஒருவராலும் பார்க்க முடியாது.

ஏழாம் படி: முகப்பில் என்ன சொல்வது

எண் எடுத்துவிட்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது நம்மவர்களின் நல்ல குணம். இந்த இடத்தில் மட்டும் அது வேண்டாம். ‘பத்தோக்’ என்றால் இருமல், ‘டெமாம்’ என்றால் காய்ச்சல்; இவற்றை மட்டும் சொன்னால் வரிசையில்தான் உட்காரவைப்பார்கள். ‘அனாக் சாயா செசாக் நாஃபாஸ்’, அதாவது ‘என் பிள்ளைக்கு மூச்சுத் திணறல்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சட்டையை விலக்கிக் காட்டுங்கள். எண்ணிய எண், எத்தனையாம் நாள், கடைசியாக எப்போது குடித்தது, எப்போது சிறுநீர் போனது, என்ன மருந்து எந்த நேரத்தில் கொடுத்தீர்கள் என்ற ஐந்து விவரங்களையும், குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் திணறியபோது கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து வைத்திருந்தால், கிளினிக்குக்கு வந்ததும் சமர்த்தாகச் சிரிக்கும் பிள்ளைகளின் விஷயத்தில் அது மிகவும் உதவும்.

‘கேஸ் கொடுக்கவில்லை’ என்று கோபித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. ஆஸ்துமாவுக்கு உதவும் அந்த மருந்துப் புகை, கைக்குழந்தையின் சிறுகுழாய் வீக்கத்துக்குப் பல நேரங்களில் பயன்படுவதில்லை. பிராணவாயுவும், குழாய் வழியாகவோ நரம்பு வழியாகவோ கொடுக்கும் நீராகாரமுமே அங்கே முக்கிய மருத்துவம். கிருமி வைரஸாக இருந்தால் ஆன்டிபயோடிக்காலும் பயனில்லை. போன முறை மிச்சம் வைத்த புட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியதும் கூடாததும்

அபாய அறிகுறி எதுவும் இல்லாத சளிக்கு வீடே போதும். பால் கொடுப்பதற்கு முன் மருந்தகத்தில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை மூக்கில் விட்டு, சளியை மெதுவாக உறிஞ்சி எடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். பாராசிட்டமோல் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரண்டு வலிமைகளில் விற்கிறது. பக்கத்து வீட்டுப் புட்டியின் கரண்டிக் கணக்கு உங்கள் புட்டிக்குப் பொருந்தாது. எடை ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், 6 மணி நேர இடைவெளியில், நாளொன்றுக்கு 4 முறைக்கு மேல் போகாமல் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குட்பட்டவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இருமல் மருந்து இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் ஒரு துளியும் கூடாது.

இனிச் சொல்வது பாட்டிமார்களுக்குப் பிடிக்காது என்பதை அறிந்தே எழுதுகிறேன். குளிப்பாட்டியபின் மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விட்டு ஊதுவது அந்த எண்ணெயை நுரையீரலுக்குள் அனுப்பிவிடும். எண்ணெயால் வரும் நிமோனியா எளிதில் ஆறாது. சாம்பிராணிப் புகை, கொசுவத்திச் சுருள், திண்ணையில் பிடிக்கும் சிகரெட், பின்புறம் எரிக்கும் குப்பை எல்லாம் அந்த மெல்லிய குழல்களுக்கு ஒன்றுதான். கற்பூரமும் காரத் தைலங்களும் நெஞ்சுக்கு இதமாகத் தோன்றினாலும், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடவ வேண்டாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பே வரும். வேது பிடிக்கவைத்த வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆவியால் திணறல் குறைந்த பிள்ளையைப் பார்த்ததில்லை. உடம்பில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

புகைமூட்டம் வரும் மாதங்களில், 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் பார்த்தது போல, வானம் மங்கினால் குழந்தையை வெளியே கொண்டுபோவதைக் குறைத்துச் சன்னல்களைச் சாத்துங்கள். மற்ற நாட்களில் திறந்து வையுங்கள்.

தடுப்பூசியைப் பற்றிச் சுருக்கமாக: ஆறு நோய்களுக்கான ஊசி 2, 3, 5 ஆம் மாதங்களிலும் 18ஆம் மாதத்திலும், நியூமோகாக்கஸ் ஊசி 4, 6, 15 ஆம் மாதங்களிலும் அரசுக் கிளினிக்கில் போடப்படுகின்றன, கக்குவான் இருமலும் சிலவகைக் கடும் நிமோனியாவும் இவற்றால் தடுக்கப்படுகின்றன. குடிவந்த அவசரத்தில் ஒரு தவணை விட்டுப்போயிருந்தால், புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் தொடர்ந்து போடுவார்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

திரும்பி வந்த பிறகு

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபின்னும் இருமல் இரண்டு மூன்று வாரங்கள் நீடிக்கலாம். அது தேறிவரும் குழந்தையின் இருமல். மூச்சின் எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்கி, பால் பழைய அளவுக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். முதல் இரண்டு நாட்கள் காலையிலும், படுக்கப்போகும் முன்னும், இரவில் பால் கொடுக்க எழும்போதும் எண்ணி, நேரத்தோடு அந்த நாள்காட்டியிலேயே குறித்து வையுங்கள். எண் மறுபடி ஏறினாலோ, அள்ளை மறுபடி இழுத்தாலோ, ‘நேற்றுத்தானே அனுப்பினார்கள், இன்றைக்கே போனால் திட்டுவார்களே’ என்று தயங்காமல் அதே அவசரப் பிரிவுக்குத் திரும்பிப் போய், நாள்காட்டித் தாளைக் கிழித்து அங்கே காட்டுங்கள்.